விரல் நுனியைப் பாருங்கள்: மூட்டுவலியும் நுரையீரல் புற்றும் பற்றிய கேள்வி பதில்

ஹைபர்ட்ரோபிக் ஆஸ்டியோஆர்த்ரோபதி. வாயில் நுழையாத பெயர்தான். விரல் நுனி பருத்து, கை கால் எலும்புகளும் மூட்டுகளும் வலிக்கிற நோய் இது; சிலருக்கு நுரையீரல் புற்றால் வருகிறது. மூட்டு நோய்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவனாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 61 வயது. முடக்குவாதம் என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். இப்போது நுரையீரலில் கட்டி இருக்கிறது, மூட்டுவலியே அதனால்தான் என்கிறார்கள். நெஞ்சில் இருக்கிற கட்டி கணுக்காலை எப்படி வலிக்க வைக்கும்?

நியாயமான சந்தேகம். இரத்தத் தட்டணுக்களைத் தருகிற பெரிய தாய்ச்செல்கள் வழக்கமாக நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி உடைந்துவிடும். அங்கே இரத்த ஓட்டம் கெட்டுப்போனால் அவை உடையாமல் தப்பி, விரல் நுனிகளில் போய் அடைத்துக்கொண்டு, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைக் கொட்டுகின்றன. கட்டியும் தன் பங்குக்கு, இரத்தக்குழாய்களை வளரத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது. பலரும் ஏற்கிற விளக்கம் இது. விரல் நுனி பருக்கிறது. கால், முன்கை எலும்புகளைப் போர்த்தியிருக்கும் சவ்வு புது எலும்பைப் படலமாக அடுக்குகிறது. வலி அங்கிருந்துதான்.

முடக்குவாதம் என்று நினைத்த மருத்துவரை மட்டும் குறை சொல்ல முடியாது. மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று இரண்டு பக்கமும் வீங்கினால் முதலில் அதுதான் மனதில் வரும். ஆனால் விரல்களைத் திருப்பிப் பார்த்திருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். எனக்கு ஆற்றாமை அதில்தான்.

கேள்வி: அப்படியென்றால் புற்று எலும்புக்குப் பரவிவிட்டதா?

இந்த நோயில் எலும்புக்குள் புற்றுச் செல்கள் இருக்காது. அதே சமயம், நுரையீரல் புற்று எலும்புக்குப் பரவவும் கூடியது என்பதால் பிரித்துப் பார்த்தாக வேண்டும். எலும்பு ஸ்கேனில் இந்த நோய் இரண்டு கால்களிலும் எலும்பின் ஓரம் நெடுக, தண்டவாளம் போல இரட்டைக் கோடாகத் தெரியும். பரவிய புற்று பெரும்பாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

கேள்வி: விரலில் எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நகத்தின் அடியில், தோலோடு சேரும் இடத்தில், சாய்சதுரமாக ஒரு சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அது மூடிப்போயிருந்தால் விரல் நுனி பருத்திருக்கிறது என்று அர்த்தம். லியோ ஷாம்ரோத் என்ற தென்னாப்பிரிக்க இதய மருத்துவர், தனக்கே இதய உள்ளுறைத் தொற்று வந்தபோது தன் விரல்களைக் கவனித்து 1976இல் எழுதிய சோதனை இது.

பருத்த விரல் என்றாலே புற்று என்று பயந்துவிடாதீர்கள். பிறவி இதயக் குறை, கல்லீரல் நோய், குடல் அழற்சி, நாள்பட்ட நுரையீரல் தொற்று எதிலும் வரும். சில குடும்பங்களில் பரம்பரையாகவே இருக்கும். ஆனால் நடுவயதுக்கு மேல் புதிதாக விரல் பருத்து, கூடவே மூட்டும் வலித்தால், மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் விடவே கூடாது.

கேள்வி: நான் புகை பிடித்ததே இல்லை. எனக்குமா எக்ஸ்ரே?

ஆமாம். புகைக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்று வருகிறது.

கேள்வி: அம்மா காலைத் தொங்கவிட்டு உட்காரவே மாட்டேன் என்கிறார். இதற்கும் நோய்க்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. என்னிடம் வந்த ஒருவர், நாற்காலியில் உட்கார்ந்த கையோடு எதிரில் இருந்த ஸ்டூலை இழுத்து இரண்டு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டார். "கீழே விட்டா எலும்புக்குள்ள குடையுது சார்" என்றார். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை மெதுவாக அழுத்தியதுமே துடித்துப் போனார். மூட்டைவிட எலும்பின் நீளத்தில்தான் வலி அதிகம். கால் தொங்கினால் கூடும், உயர்த்தினால் குறையும். அம்மா கால்களைத் தலையணை மேல் வைத்துக்கொள்ளட்டும். இதை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: வலிக்கு என்ன மருந்து?

மூல மருந்து கட்டிக்கான சிகிச்சைதான். அறுவை செய்து அகற்ற முடிந்தவர்களுக்குச் சில நாட்களிலேயே வலி விட்டுவிடுவதுண்டு. விரல் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அறுவை முடியாதவர்களுக்கு அழற்சி குறைக்கும் வலி மாத்திரைகள் ஓரளவு உதவும். கீமோ நடக்கும்போது இவற்றைக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். சிறுநீரகமும் வயிறும் தாங்காது. மாத்திரைக்குக் கேட்காத வலிக்கு சோலெட்ரோனிக் அமிலம் போன்ற ஊசிகள் பலருக்குக் கைகொடுத்திருக்கின்றன. அதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்; இந்த ஊசி அரிதாகத் தாடை எலும்பைப் பாதிக்கலாம்.

கேள்வி: தம்பிக்குப் பதினெட்டு வயதிலிருந்தே விரல் பருத்து, நெற்றித் தோலும் தடித்திருக்கிறது. புற்றாக இருக்குமோ?

நீங்கள் சொல்வது இதன் பரம்பரை வடிவம் போலத் தெரிகிறது. உடலில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள் சரியாகச் சிதையாமல் தேங்குவதால் வருவது. எச்பிஜிடி என்ற மரபணுவின் பங்கு 2008இல் தெரியவந்தது. உள்ளங்கை அதிகம் வியர்க்கிறதா என்றும் கவனியுங்கள். மருத்துவர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

கேள்வி: கட்டியை எடுத்து ஒரு வருடம் ஆகிறது. கணுக்கால் மறுபடி வலிக்கிறது. அடுத்த ஸ்கேன் மூன்று மாதம் கழித்துத்தான். காத்திருக்கலாமா?

வேண்டாம். சாதாரணச் சுளுக்காகவும் இருக்கலாம். ஆனால் புற்று திரும்பும்போது இந்த வலியும் திரும்புவதுண்டு. இந்த வாரமே உங்கள் புற்றுநோய் மருத்துவரை அழைத்து, "அப்போது இருந்த அதே வலி" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள்.