போரில் ஊர்மக்களைக் குறிவைக்கலாமா? கேள்வி பதில்

கல்லூரியில் போர்ச் சட்டம் நடத்திவிட்டு ஓய்வுபெற்று இப்போது ஏற்காட்டில் இருக்கிறேன். ஹிரோஷிமா நாளை ஒட்டி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அம்மாபேட்டையிலிருந்து: அமெரிக்கா அணுகுண்டு போட்டதால்தானே ஜப்பான் சரணடைந்தது சார்? போடாவிட்டால் இன்னும் பல லட்சம் பேர் செத்திருப்பார்களே?

1945 ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி. நடுவில் 8ஆம் தேதி சோவியத் ஒன்றியமும் ஜப்பான் மீது போர் அறிவித்துவிட்டது. எதனால் சரணடைந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சரி, குண்டுதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் ஊர்மக்களைக் குறிவைக்கக்கூடாது என்ற என் பதில் மாறாது, ஏனென்றால் 'பிறகு சாகப்போகிறவர்களைக் காப்பாற்ற இப்போது இவர்களைக் கொல்கிறேன்' என்ற கணக்கை அனுமதித்துவிட்டால் அதைப் போடாத தளபதி உலகத்தில் இருக்கமாட்டான். அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்கர்கள் டோக்கியோவில் குண்டு வீசி ஒரே இரவில் சுமார் 1 லட்சம் பேரை எரித்தார்கள். போர் அதன்பிறகும் ஐந்து மாதம் நடந்தது.

சூரமங்கலத்திலிருந்து: எங்கள் அப்பா சேலம் உருக்காலையில் வேலை பார்த்தவர். போர் வந்தால் அந்த ஆலையைத் தாக்குவது தப்பா?

ஆயுதத்துக்கு அங்கிருந்து எஃகு போகிறது என்றால் ஆலையைத் தாக்கலாம். ஆனால் உங்கள் அப்பா இலக்கு இல்லை, அவரைப் போன்றவர்களின் சாவு எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறையும்படிதான் தாக்கவேண்டும். தொழிலாளர் குடியிருப்பையும் பள்ளிக்கூடத்தையும் 'மனசு உடையட்டும்' என்று குண்டு போட்டு அழித்தால் அது கொலை, வேறு பெயர் கிடையாது. பிரிட்டன் 1942 பிப்ரவரியில் தன் விமானப்படைக்குக் கொடுத்த உத்தரவே அதுதான்: எதிரிநாட்டு மக்களின், குறிப்பாக ஆலைத் தொழிலாளர்களின், மனவுறுதியை உடை. இத்தனைக்கும் லண்டன்காரர்கள் 1940-41இல் மாதக்கணக்கில் குண்டு வாங்கியும் உடையவில்லை என்பது அவர்களுக்கே தெரியும். ஜெர்மனியின் ஆயுத உற்பத்தியும் 1944 நடுப்பகுதி வரை ஏறிக்கொண்டுதான் போனது. ஜார்ஜ் பெல் என்ற பிஷப் அந்த 1944லேயே பிரபுக்கள் சபையில் எழுந்து, ஊர்களை எரிப்பது எப்படி நியாயம் என்று கேட்டார். போர் நடக்கும்போதே சொந்த நாட்டைக் கேள்வி கேட்ட அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மேட்டூரிலிருந்து: அணையை உடைத்தால்?

நினைக்கவே பயமாக இருக்கிறது. 1943 மே மாதம் பிரிட்டன் ஜெர்மனியின் மோனே அணையை உடைத்தது. ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள், அவர்களில் பலர் கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்ட சோவியத் பெண்கள். மக்களுக்குப் பெரும் சாவு வரும் என்றால் அணையைத் தாக்கக்கூடாது என்று, போரில் சிக்கும் மக்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட 1977 ஜெனீவா நெறிமுறை சொல்கிறது. இந்தியாவும் அமெரிக்காவும் அதில் இன்னும் சேரவில்லை, இது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆத்தூரிலிருந்து: தமிழர் போர் அறப்போர்தானே ஐயா?

பாதி உண்மை. பசுக்களும் பெண்களும் நோயாளிகளும் பாதுகாப்பான இடம் சேருங்கள், அம்பு விடப்போகிறோம் என்று அறிவிக்கும் மரபைச் சொல்லி முதுகுடுமிப் பெருவழுதியைப் புகழ்கிறார் நெட்டிமையார், அது புறநானூறு 9. மேடைதோறும் அதைச் சொல்கிறோம். அதே புலவர் அதே அரசனை 15ஆம் பாட்டில் எதற்குப் புகழ்கிறார் தெரியுமா? பகைவர் தெருவைக் கழுதை பூட்டி உழுததற்கு, விளைந்த வயலில் தேர் ஓட்டியதற்கு, குளத்தில் யானையை இறக்கியதற்கு. வயலும் குளமும் போனால் பட்டினி கிடப்பது உழவன்தானே. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

ஏற்காட்டிலிருந்தே ஒரு தங்கை: முள்ளிவாய்க்காலில் மக்களைக் கேடயமாக வைத்திருந்தார்கள், அதனால் வேறு வழியில்லை என்கிறார்களே அண்ணா?

புலிகள் மக்களை வெளியேற விடவில்லை என்றும், போர் தவிர்ப்பு வலயம் என்று தானே அறிவித்த இடத்திலும் மருத்துவமனைகளிலும் அரசு ஷெல் அடித்தது என்றும், இரண்டுக்குமே நம்பத்தகுந்த ஆதாரம் இருப்பதாக 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. ஒருவன் செய்த குற்றம் மற்றவனுக்கு அனுமதிச் சீட்டு ஆகாதும்மா. அந்த மக்கள் இரண்டு பக்கத்தாலும் கைவிடப்பட்டவர்கள். நாமும் ஒன்று செய்யவேண்டும்: 1996 ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கி முன் புலிகள் வெடிக்கவைத்த குண்டில் செத்த எழுத்தர்களுக்காகவும் வழிப்போக்கர்களுக்காகவும் இதே குரலில் பேசவேண்டும். அதைச் செய்யாமல் முள்ளிவாய்க்காலுக்கு நீதி கேட்டால் நம் கேள்வி பலவீனமாகிவிடும்.

ஓமலூரிலிருந்து: நகரங்களை எரித்ததற்காக ஜெயித்தவர்களில் யாராவது தண்டனை பெற்றார்களா?

ஒருவர்கூட இல்லை. போர் முடிந்து நூரம்பெர்கில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் ஜெர்மானியத் தளபதிகள் மீதும் நகரக் குண்டுவீச்சைத் தனிக் குற்றமாகக் கொண்டுவந்து தண்டிக்கவில்லை, வழக்கு நடத்தியவர்களே அதைவிடப் பெரிதாகச் செய்திருந்தார்கள்.