தோட்டத்து எறும்புகள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மாடியில் வைத்த செம்பருத்தித் தண்டு முழுக்கக் கருப்பு எறும்பு ஏறி இறங்குகிறது. எறும்புப் பொடி தூவலாமா?

பதில்: பொடியை அப்புறம் பார்க்கலாம். முதலில் துளிர் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். அநேகமாக அசுவினியோ மாவுப்பூச்சியோ ஒட்டிக்கொண்டிருக்கும். சாற்றை உறிஞ்சிவிட்டு அவை இனிப்பாகக் கழிக்கும். எறும்பு வருவது அதற்குத்தான். லென்ஸ் இருந்தால் வைத்துப் பாருங்கள்: எறும்பு உணர்கொம்பால் அசுவினியைத் தட்டும், பின்புறத்தில் ஒரு சொட்டு துளிர்க்கும், உடனே உறிஞ்சிவிடும். கைமாறாக, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டும். மிஞ்சிய சொட்டு இலையில் விழுந்தால் கரும்பூஞ்சை படரும்.

ஆகவே பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்பும் கலந்து மாலையில் தெளியுங்கள். தண்டில் துணி சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. ஆனால் பக்கத்துத் தொட்டிச் செடியின் இலை உரசினால் அந்த வழியாக வந்துவிடும்!

கேள்வி: அவரைப் பூவில் ஒரு பச்சைப் புழு. எறும்புகள் சுற்றி நிற்கின்றன, கடிக்கவில்லை. ஏன்?

பதில்: நீலன் வகைப் பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கும். அதன் பின்பகுதியில் இனிப்பு நீர் சுரக்கும். அதற்காக எறும்பு காவல் நிற்கிறது. புழு பூவையும் காயையும் துளைக்கும்தான். நான் நாலு காய் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். மனம் வராதவர்கள் கையால் எடுத்துப் போடலாம்.

கேள்வி: மாமரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறது. கலைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. கம்பளிப்பூச்சி, தத்துப்பூச்சி எல்லாவற்றையும் இழுத்துப்போய்த் தின்னும் காவல்படை அது. சீனாவில் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே ஆரஞ்சு மரங்களில் இந்தக் கூடுகளை விலைக்கு வாங்கிக் கட்டினார்கள். கூடு கட்டும் விதம் இன்னும் அழகு: சில எறும்புகள் இலைகளை இழுத்துப் பிடிக்க, மற்றவை தங்கள் புழுக்களை வாயில் கவ்வி, தறியில் நாடா ஓட்டுவதுபோல இங்கும் அங்கும் ஓட்டும். புழு விடும் நூல்தான் இலைகளை ஒட்டவைக்கிறது. குறையும் உண்டு. முசுறும் மாவுப்பூச்சியை வளர்க்கும், பழம் பறிக்கப் போனால் கடித்துக் குதறும். கை கால்களில் சாம்பல் பூசிக்கொண்டு ஏறுங்கள்.

கேள்வி: அதே மரத்தில் ஒரு 'முசுறு' நூலில் தொங்குகிறதே?

பதில்: காலை எண்ணுங்கள். 8 இருந்தால் சிலந்தி. முன்னங்கால்களை உணர்கொம்புபோல ஆட்டி ஏமாற்றும்.

கேள்வி: கீரை விதைத்தால் எறும்பு தூக்கிப்போய்விடுகிறது, அக்கா.

பதில்: பாத்தி ஓரத்தில் கொஞ்சம் ரவையோ நொய்யோ தூவிவிடுங்கள். அதைச் சுமந்துகொண்டிருக்கும் நேரத்தில் விதை முளைத்துவிடும்.