ஒரு சால் தள்ளி உழுதால்

அன்புள்ள ஐயா,

நான் நாட்டிங்காமில் மூன்று வருடமாக இருக்கிறேன். சனி ஞாயிறுகளில் காரை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிராமங்களைப் பார்க்கப் போவோம். கல் தேவாலயம், பப், வாசலில் பூச்சட்டி என்று எல்லா ஊரும் அழகாக இருக்கிறது. ஆனால் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. சுற்றி எங்கே பார்த்தாலும் வேலி. ஒருவர் வயலில் இன்னொருவர் கால் வைப்பதில்லை.

என் அப்பா விவசாயி. ஊர் என்றால் நாலு பேர் சேர்ந்து செய்யும் காரியம் ஏதாவது இருக்க வேண்டும் என்பார். வாய்க்கால் வெட்டுவதோ, வரப்புத் தகராறைப் பேசித் தீர்ப்பதோ, ஏதோ ஒன்று. இந்த ஆங்கிலக் கிராமங்களில் அப்படி ஒன்று எப்போதாவது இருந்ததா? இல்லை, எல்லாம் பிரபுவின் நிலம், மற்றவர்கள் எல்லாம் கூலி என்றுதான் இருந்ததா? உங்கள் உரை ஒன்றில் லாக்ஸ்டன் என்ற ஊரைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எங்களுக்கு அது ஒரு மணி நேரம்கூட இல்லை. போய்ப் பார்க்கும்படி அங்கே என்ன இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால் விவரம் தெரியாமல் போனால் ஏமாற்றமாக இருக்கும். செங்கல் வீடுகள், புனித மைக்கேல் தேவாலயம், டவ்கோட் இன் என்று ஒரு பப், வடக்கே புல் மூடிய ஒரு கோட்டை மேடு. அவ்வளவுதான் ஊர். பத்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். அப்புறம் ஊருக்கு வெளியே வாருங்கள். வேலியோ புதரோ இல்லாமல் வயல் விரிந்து கிடக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இப்போது நீங்கள் எங்கே பார்த்தாலும் தெரிகிற அந்த வேலிகள் ஆதியிலிருந்தே இருந்தவை அல்ல. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஊர் நிலம் முழுவதும் இரண்டு மூன்று பெரிய வயல்களாகத்தான் கிடந்தது. ஒவ்வொரு வயலும் நூற்றுக்கணக்கான நீளத் துண்டுகள். ஒரு குடியானவனுக்கு ஒரே இடத்தில் நிலம் இருக்காது. மேட்டில் ஒரு துண்டு, ஓடைப் பக்கம் ஒன்று, கல்லுக்காட்டில் ஒன்று என்று மூன்று வயலிலும் சிதறிக் கிடக்கும். மழை கொட்டும் வருடத்தில் பள்ளத்துப் பயிர் அழுகினாலும் மேட்டுப் பயிர் கைகொடுக்கும். நல்ல மண் ஒருவனுக்கும் கெட்ட மண் இன்னொருவனுக்கும் போய்விடாது.

பிறகு நாடாளுமன்றம் சட்டம் போட்டு, இதை அளந்து, ஒவ்வொருவர் பங்கையும் ஒரே இடத்தில் சேர்த்து, வேலி அடைத்தது. 1604 முதல் 1914 வரை இப்படி 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள். அடைபட்ட நிலம் 68 லட்சம் ஏக்கர். பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறு வருடத்துக்குள் நடந்து முடிந்தது. நிலம் ஒரே இடத்துக்கு வந்ததும் விவசாயி தெருவை விட்டுவிட்டு வயலின் நடுவில் வீடு கட்டிக்கொண்டான். வழியில் 'வாட்டர்லூ பண்ணை' என்ற மாதிரி பெயர்ப்பலகை கண்ணில் பட்டால் கவனியுங்கள். வாட்டர்லூ போர் நடந்தது 1815இல். அந்த வீடு எந்தக் காலத்தில் தெருவை விட்டு வெளியேறியது என்று பெயரே சொல்லிவிடும். தெருவில் ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

லாக்ஸ்டனில் அந்த மாற்றம் முழுதாக நடக்கவில்லை. வெளிப்புறத்தில் கொஞ்சம் நிலம் வேலிக்குள் போனது உண்மை. ஆனால் தெற்கு வயல், மேற்கு வயல், ஆலை வயல் என்ற மூன்று பெரிய வயல்களும் சுருங்கியபடியே இன்றும் பொதுவாக நிற்கின்றன. பண்ணை வீடுகளும் தெருவிலேயே இருக்கின்றன. முதல் வருடம் ஒரு வயலில் கோதுமை, அடுத்த வருடம் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாம் வருடம் தரிசு. இப்போது தரிசுக்குப் பதில் தீவனப் பயிர் போடுகிறார்கள். எந்த வயலில் என்ன என்பது ஊர் முறை. என் துண்டில் மட்டும் வேறு விதைப்பேன் என்று ஒருவர் சொல்ல முடியாது.

அந்தத் துண்டின் அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு மிகப் பிடித்த விஷயம் அது. பர்லாங் என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கு 'ஒரு சால் நீளம்' என்றுதான் பொருள், 220 கஜம். மாடுகள் மூச்சு வாங்காமல் ஒரே இழுப்பில் போகக்கூடிய தூரம். நீளம் 220 கஜம், அகலம் 22 கஜம் வைத்தால் ஓர் ஏக்கர், ஓர் ஏர் ஒரு நாளில் உழுது முடிக்கும் நிலம். உங்கள் அப்பாவின் பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்று எழுதியிருக்குமே, அது ஆங்கிலேய மாட்டின் ஒரு நாள் உழைப்பிலிருந்து வந்த கணக்கு. எட்டு மாடு பூட்டிய ஏரைத் துண்டின் முனையில் திடீரென்று திருப்ப முடியாது. முனை வருவதற்கு முன்பே ஒடித்துத் திருப்பத் தொடங்க வேண்டும். அதனால்தான் பழைய துண்டுகள் நேர்க்கோடாக இல்லாமல் லேசாக வளைந்து நெளிந்து போகின்றன. அடைபட்டுப் புல்வெளியாகிவிட்ட ஊர்களில்கூட மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்த நெளிவு மேடும் பள்ளமுமாகத் தெரியும். நாட்டிங்காமைச் சுற்றி நீங்களே பார்க்கலாம்.

லாக்ஸ்டனுக்கு 1635இல் ஒரு வரைபடம் போட்டார்கள். வரைந்தவர் மார்க் பியர்ஸ். மூலம் ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஊரில் பப்புக்குப் பக்கத்தில் உள்ள பார்வையாளர் மையத்தில் பிரதி உண்டு. நான் அதன் முன் ரொம்ப நேரம் நின்றிருந்தேன். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக வரையப்பட்டிருக்கிறது. எது யாருடையது என்று கூடவே ஒரு பதிவேடும் எழுதியிருக்கிறார்கள். துண்டுகளின் நடுவே சிறு சிறு உருவங்கள். உழுகிறவர்கள், அறுக்கிறவர்கள், மான் வேட்டைக்காரர்கள். ஊர் முழுக்க ஒரு நாள் வேலையில் இருக்கும்போது யாரோ மேலிருந்து பார்த்த மாதிரி இருக்கும்.

இந்த வரைபடத்தைப் போடச் சொன்னவர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வியாபாரி. மேனர், அதாவது ஊரின் பிரபுவுக்குரிய நிலமும் உரிமைகளும், அப்போது அவர் கையில் இருந்தது. அதே 1635இல்தான் அவர் அரசர் முதலாம் சார்லஸிடம் உரிமம் வாங்கி, கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக நம் மேற்குக் கடற்கரைக்குக் கப்பல் அனுப்ப ஏற்பாடு செய்தார். கார்வாரில் அவருடைய கூட்டம் மிளகு வாங்கப் பண்டகசாலை வைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1636இலேயே இறந்துவிட்டார். ஒரு கையில் நம் மேற்குக்கரை மிளகுக் கணக்கு, இன்னொரு கையில் இங்கிலாந்தின் ஒரு சின்ன ஊரின் துண்டுக் கணக்கு. இந்த வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் நினைவுக்கு வருகிறார்.

சரி, உங்கள் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். சேர்ந்து செய்யும் காரியம் உண்டு, வரப்புத் தகராறு தீர்ப்பதும் உண்டு. சொல்லப்போனால் அதுதான் இந்த ஊரின் உயிர்.

துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே வரப்பு கிடையாது, ஒரு சால் மட்டுமே எல்லை. அப்படியானால் என்ன நடக்கும் என்று விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒரு சால் தள்ளி உழுதால் பத்து வருடத்தில் பக்கத்துக்காரன் நிலம் மெலிந்துவிடும். சாலையோரமும், உழ முடியாத ஈரப் பள்ளங்களும் பொதுப் புல்நிலம். அவற்றுக்கு 'சைக்' என்று பெயர். அதை உழுது தன் துண்டோடு சேர்த்துக்கொள்வது இன்னும் சுலபம், கேட்க ஆள் இல்லை. ஆகவே கேட்க ஒரு அமைப்பு வைத்தார்கள். கோர்ட் லீட் என்ற ஊர் நீதிமன்றம் வருடத்துக்கு ஒரு முறை கூடும். அது ஊர்க்காரர்களில் பன்னிரண்டு பேரை ஜூரியாகவும் ஒருவரை அவர்களுக்குத் தலைவராகவும் நியமிக்கும். நவம்பர் கடைசி வாக்கில், புதிதாகக் கோதுமை விதைத்த வயலை இந்த ஜூரி போய்ப் பார்க்கும். எல்லை தாண்டி உழுதவருக்கும் வாய்க்காலைத் தூர் வாராதவருக்கும் அபராதம் எழுதும். அடுத்த வாரம் நீதிமன்றம் பப்பில் கூடி அதை உறுதி செய்யும்.

நான் போயிருந்தது அப்படி ஒரு நவம்பர் நாளில். டிராக்டர் வண்டியில் நின்றபடி ஆட்கள் வந்தார்கள். கட்டுக் கட்டாக முளைக்குச்சிகள். கனமான களிமண், பூட்ஸில் அப்பி ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கனம். ஓர் இடத்தில் வண்டி நின்றது. சைக்கின் விளிம்பு எது, உழவு எங்கே முடிய வேண்டும் என்பதில் பேச்சு. ஒருவர் இங்கே என்கிறார், இன்னொருவர் ஓரடி உள்ளே என்கிறார். சத்தம் போடவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. வயதான ஒருவர் ஒன்றும் பேசாமல் பூட்ஸ் முனையால் புல்லைக் கிளறிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் குனிந்து விரலால் மண்ணைத் தோண்டினார். மூன்று வருடத்துக்கு முன், இந்த வயலில் கடைசியாகக் கோதுமை விதைத்தபோது அடித்த முளையின் மிச்சம், கட்டைவிரல் நீளத்தில் கறுத்துப்போய்க் கிடந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஒருவர் புது முளையை அதே இடத்தில் நிறுத்திப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் நாலு அடி அடித்தார். வண்டி நகர்ந்தது. மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அபராதம் பெரிய தொகை இல்லை, பார்க்கிறவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. தன் பெயர் ஊரார் முன்னால் வாசிக்கப்படுவதுதான் தண்டனை. அதுவும் அடுத்த வருடம் நீ ஜூரி, நான் குற்றம் செய்தவன் என்று மாறக்கூடிய இடத்தில். 1977இல் நாடாளுமன்றம் இந்த மாதிரிப் பழைய மேனர் நீதிமன்றங்களின் அதிகாரத்தை எடுத்துவிட்டபோது லாக்ஸ்டனுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தது. ஆகவே இது சுற்றுலாவுக்காக நடத்தும் நாடகம் இல்லை, சட்டப்படி நடக்கும் நீதிமன்றம். சைக்கில் வளரும் தீவனப் புல்லைக் கோடையில் ஏலம் விடுவதும் அப்படித்தான். உழவு படாமல் கிடந்ததால் அந்தப் புல்லில் மற்ற இடங்களில் அழிந்துபோன காட்டுப் பூக்கள் பிழைத்திருக்கின்றன.

எல்லாம் பிரபுவின் நிலம்தானே என்று கேட்டீர்கள். பெரும்பகுதி ஆமாம். நீதிமன்றமே பிரபுவின் பெயரால் கூடுவதுதான், தலைமை வகிக்கும் ஸ்டூவர்டும் அவர் நியமிக்கிற ஆள்தான். பொதுநிலம் எல்லோருக்கும் பொது என்று நினைத்துவிட வேண்டாம். குறிப்பிட்ட மனைகளுக்கும் நிலத்துக்கும் சேர்ந்த உரிமை அது. இத்தனை ஆடு, இத்தனை மாடுதான் விடலாம் என்று கணக்கு உண்டு. நிலமும் இல்லாமல் உரிமையும் இல்லாமல் கூலிக்குப் போன குடும்பங்கள் எப்போதும் இருந்தன. வேலி வந்தபோது முதலில் அடிபட்டவர்களும் அவர்கள்தான், பொதுநிலத்தில் ஒரு பசுவையாவது கட்டியிருந்தவர்கள், விறகு பொறுக்கியவர்கள். பழைய ஊரைப் பொற்காலமாக எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பொதுவில் விட்டால் எல்லாம் பாழாகிவிடும் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்களை லாக்ஸ்டனுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மனதாரத் தோன்றும். பொதுவில் யாரும் எதையும் விட்டுவிடவில்லை. வருடா வருடம் நடந்து போய்ப் பார்த்தார்கள்.

இந்த ஊர் மட்டும் ஏன் தப்பியது? நிலம் பல கைகளில் கலந்து கிடந்தது, பெரிய உடைமைக்காரர்களுக்குள் உடன்பாடு அமையவில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்போது ஊரின் பிரபுவாக இருந்த மான்வர்ஸ் குடும்பம் சின்னத் துண்டுகளைச் சேர்த்துப் பெரிய துண்டுகளாக்கியது. இப்போது நீங்கள் பார்க்கப்போவது அந்தப் பெரிய துண்டுகளைத்தான். அப்புறம் 1952இல் ஆறாம் ஏர்ல் மான்வர்ஸ் இந்த முறை அழியக்கூடாது என்று நிலத்தை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது அரசுடைமை நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் கைக்குப் போனது. 2018இல் அவர்களும் விற்கப்போவதாக அறிவித்தபோது ஊரில் பெரிய கவலை. கடைசியில் 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது. அது மான்வர்ஸ் குடும்பத்தின் பழைய எஸ்டேட்தான். ஆக, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தது.

எனக்குள்ள கவலை வேறு. உடைமைக்காரர் மாறலாம், மாறியும் இருக்கிறார். ஜூரிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டுமே. அந்தத் துண்டுகளை நம்பி வாழும் குடும்பங்கள் தெருவில் இருக்கும் வரைதான் நவம்பரில் வண்டி கிளம்பும். உழுகிற வீடுகள் குறைந்து, ஓய்வு பெற்றவர்களும் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும் மட்டும் மிஞ்சினால் வயல் இருக்கும், சட்டமும் இருக்கும், பழைய முளை எங்கே கிடக்கிறது என்று தெரிந்த கால் இருக்காது.

அதனால் கோடையில் போகாதீர்கள், அப்போது வெறும் கோதுமைதான் தெரியும். நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஜூரி கிளம்பும் நாளை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் அவசியம். முடிந்தால் அப்பா இங்கே வரும் சமயமாகப் பார்த்து அவரையும் அழைத்துப் போங்கள். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். முளை அடிக்கிற இடத்தில் என்ன தகராறு என்று அவர் உங்களுக்குச் சொல்லுவார். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.