வியட்நாமில் வெற்றிலை பாக்குக்குக் கதை உண்டா?

வியட்நாமியத் திருமணங்களிலும் வெற்றிலை பாக்கு வைக்கிறார்களே, அதற்குப் பின்னால் கதை ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு; அந்நாட்டு நாட்டார் கதைகளில் என் மனத்தை மிகவும் நெகிழச் செய்வதும் அதுவே.

பழங்கால வியட்நாமை ஆண்டதாகச் சொல்லப்படும் ஹுங் மன்னர்கள் காலத்தில், உருவத்தில் வேறுபாடே தெரியாத இரு சகோதரர்கள் இருந்தனர். அவர்கள்முன் ஒரே ஒரு கஞ்சிக் கிண்ணத்தை வைத்து, யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்பதைக் கொண்டே மூத்தவனை அடையாளம் கண்ட பெண், அவனையே மணந்தாள். மணத்திற்குப் பின் அண்ணனின் அன்பு குறைந்துவிட்டதாக உணர்ந்த தம்பி, வீட்டைவிட்டு வெளியேறி, நீர்க்கரையொன்றில் அழுதழுது உயிர்விட்டுச் சுண்ணாம்புப் பாறையானான். தேடி வந்த அண்ணன் அதனருகே கமுகு மரமானான். அவனைத் தேடி வந்த மனைவி, அம்மரத்தைத் தழுவிய வெற்றிலைக் கொடியானாள். பின்னர் அவ்வழியே வந்த மன்னர் மூன்றையும் சேர்த்து மென்றபோது சாறு குருதியெனச் சிவந்ததால், மணச் சடங்கில் அவற்றை வைக்கும்படி ஆணையிட்டார் என்பர்.

கணவன் மனைவி அன்பைவிட உடன்பிறப்பின் பிணைப்பே இக்கதையின் அடித்தளம் என்று கருதுகிறேன். தம்பியாகிய சுண்ணாம்பு சேராமல் வெற்றிலையும் பாக்கும் அவ்வாறு சிவப்பதில்லை அல்லவா? ‘பேச்சுக்குத் தொடக்கம் ஒரு வாய் வெற்றிலை’ என்னும் பொருள்பட வியட்நாமியர் இன்றும் பழமொழி சொல்கின்றனர்.