நிக்கான் டிஎஃப்: பழைய லென்ஸ் கையில் இருந்தால் வாங்கலாமா?

கேள்வி: அப்பா பயன்படுத்திய 1960-களின் நிக்கான் லென்ஸ்கள் இரண்டு என்னிடம் உள்ளன. அவற்றுக்காக டிஎஃப் கேமராவை செகண்ட் ஹேண்டில் வாங்க நினைக்கிறேன். வெறும் தோற்றத்துக்குப் பணம் கொடுக்கிறேனோ என்று சந்தேகம்.

பதில்: உங்களிடம் இருப்பது அந்தக் காலத்து லென்ஸ் என்றால் தாராளமாக யோசிக்கலாம். டிஎஃப்பின் உண்மையான சிறப்பு மேலே இருக்கும் டயல்களில் இல்லை. லென்ஸ் மாட்டும் வளையத்தின் (மவுண்ட்) ஓரத்தில் மடங்கும் ஒரு சின்ன நெம்புகோலில் இருக்கிறது.

1977-இல் நிக்கான் ஏஐ என்ற லென்ஸ் இணைப்பு முறையைக் கொண்டுவந்தது (செயற்கை நுண்ணறிவு அல்ல). அதிலிருந்து, லென்ஸின் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளையின் அளவு) வளையம் கேமராவில் உள்ள நெம்புகோலைத் தள்ளி, எந்த அபர்ச்சர் வைத்திருக்கிறோம் என்று தெரிவிக்கும். அதற்கு முந்தைய லென்ஸை இப்படிப்பட்ட கேமராவில் மாட்டினால் வளையம் நெம்புகோலில் இடித்து உடைத்துவிடக்கூடும். டிஎஃப்பில் அதை மடக்கிவிட்டு மாட்டலாம். ஆனால் அப்போது அபர்ச்சர் என்னவென்று கேமராவுக்குத் தெரியாது. எனவே மெனுவில் லென்ஸின் ஃபோகல் லெங்த் (லென்ஸில் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும் எண்), அதிகபட்ச அபர்ச்சர் இரண்டையும் பதிந்துவிட்டு, ஏ (ஷட்டர் வேகத்தைக் கேமராவே தீர்மானிப்பது) அல்லது எம் (அதையும் நாமே வைப்பது) மோடில் எடுக்க வேண்டும். வளையத்தில் எஃப்/8 வைத்தால் முன்பக்க டயலிலும் எஃப்/8. ஒன்றை மறந்தால் வெளிச்சக் கணக்கு தப்பிவிடும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.

முதலில் லென்ஸைப் பாருங்கள். வளையத்தின் மேல் நிற்கும் உலோகக் கொம்பில் துளை இல்லாமல், அபர்ச்சர் எண்கள் ஒரே வரிசையில் இருந்தால் அநேகமாகப் பழைய வகைதான். சிலவற்றைப் பின்னாளில் ஏஐ முறைக்கு மாற்றியிருப்பார்கள்; அவற்றுக்கு நெம்புகோலை மடக்கத் தேவையில்லை.

அடுத்து சென்சார். 2013-இல் வந்த இந்தக் கேமராவில் இருப்பது நிக்கானின் விலை உயர்ந்த டி4 கேமராவின் அதே 16.2 மெகாபிக்சல் முழு ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சார். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 முதல் 12,800 வரை இயல்பாகவே போகும். மங்கிய வெளிச்சத்தில் இன்றும் அருமையாக எடுக்கும். படத்தின் சிறு பகுதியை வெட்டிப் பெரிதாக்க நினைத்தால் மட்டும் 16 மெகாபிக்சல் இடிக்கும்.

குறைகளும் உண்டு. வீடியோ அறவே கிடையாது. அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/4000 நொடி, கார்டு ஒன்றுதான். ஆட்டோஃபோகஸ் புள்ளிகள் 39-உம் நடுவிலேயே குவிந்திருக்கும். உங்களை அதிகம் படுத்தப்போவது வேறொன்று: பழைய ஃபிலிம் கேமராக்களில் இருந்த பிளவுபட்ட ஃபோகஸ் திரை (ஃபோகஸ் தப்பினால் காட்சி இரண்டாகப் பிரிந்து தெரிவது) இதில் இல்லை. கையால் ஃபோகஸ் செய்யும்போது வ்யூஃபைண்டரின் ஓரத்தில் எரியும் புள்ளியைத்தான் நம்ப வேண்டும், அல்லது பின்பக்கத் திரையில் (லைவ் வ்யூ) பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அபர்ச்சரை முழுதாகத் திறந்து, ஓடியாடும் குழந்தையை எடுப்பது கடினம்.

டயல்கள் அழகுதான், சரி. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், பூட்டு வைத்த எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் டயலை விரைவாகத் திருப்ப முடியாது என்பது என் எரிச்சல்.

வாங்கும் முன், ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது இது. நெம்புகோல் தடையின்றி மடங்கி, நிமிர்ந்து நிற்கிறதா பாருங்கள். அப்புறம், உங்கள் லென்ஸையே எடுத்துப்போய் மாட்டி, அபர்ச்சரை முழுதாகத் திறந்து நாலைந்து படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.