லண்டனில் உள்ள கொரோனா நினைவுச் சுவரைப் போய்ப் பார்க்கலாமா, மனக்கஷ்டம்தான் மிஞ்சுமா?

போய்ப் பாருங்கள். கஷ்டம் இருக்கத்தான் செய்யும். நீங்களும் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவராகத்தான் இருக்க வேண்டும். சும்மா ஊர் சுற்றப் போகிறவர் இப்படிக் கேட்க மாட்டார்.

லண்டன் போய் வந்ததைப் பெருமையடிக்கிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். மகள் அங்கே நர்ஸ். 2023இல் பேத்தி பிறந்தபோது அவள் டிக்கெட் போட்டுக் கூப்பிட்டாள், போனேன்.

என் தொழிலைச் சொன்னால்தான் மற்றது புரியும். மதுரையில் வடக்கு மாசி வீதிப் பக்கம் போஸ்டர் டிசைன் செய்கிறேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் பிரஷ் பிடித்துச் சுவரில் விளம்பரம் எழுதியவன். எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வீட்டுக்கு வருவதற்குள் போஸ்டருக்கு ஆள் வந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கி, தலைக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து, தோற்றம், மறைவு, இனிஷியல் எல்லாம் சரி பார்த்து, விடிவதற்குள் சிம்மக்கல்லிலும் செல்லூரிலும் மைதாப் பசையோடு ஒட்டியாக வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பது எனக்குத் தெரியும். மூட்டை தூக்குகிறவருக்கும் ஒருநாள் சுவரில் இடம் கொடுக்கிற ஊர் இது.

அப்படிப்பட்ட ஊரில் என் அண்ணனுக்குப் போஸ்டர் இல்லை.

அவர் டவுன் பஸ் கண்டக்டர். ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருஷம் பாக்கி. 2021 மே மாதம், முழு ஊரடங்கு நேரம். ஆக்சிஜன் பெட்டுக்காக இரண்டு நாள் அலைந்து, கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. ஐந்தாம் நாள் போய்விட்டார். தத்தனேரி மயானத்துக்கு நாங்கள் மூன்று பேர்தான் போனோம். காலையில் போய் மதியம் வரை ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நின்றோம். ஜிப் வைத்த பையைத் திறக்க விடவில்லை. அவர் ரூட்டில் அவர் முகம் தெரியாத ஆளே கிடையாது, எங்களுக்கு மட்டும் கடைசியில் முகம் காட்டவில்லை.

அன்று ராத்திரி வீட்டு லேப்டாப்பில் அவருக்கு டிசைன் செய்தேன். அச்சகம் பூட்டிக் கிடந்தது. ஒட்டுகிற பையன் வெளியே வர முடியாது. அண்ணியும், "கொழுந்தனாரே, வேணாம். எதுல செத்தாகன்னு தெரு பூராம் பேசும்" என்றார். தெரு ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருந்தது. வீட்டு வாசலில் தகரம் அடித்திருந்தார்களே. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் நிமோனியா என்று மட்டும் இருந்தது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, அரசு அறிவித்த 50,000 ரூபாய் நிவாரணத்துக்கு அண்ணி எத்தனை தடவை நடந்தார் என்பதை எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

இனி அந்தச் சுவர். வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷனில் இறங்கிப் பாலத்தைக் கடந்தால் தேம்ஸ் நதிக்கரையில், செயின்ட் தாமஸ் மருத்துவமனையை ஒட்டி ஓடுகிறது. எதிர்க்கரையில் பாராளுமன்றம். அரை கிலோமீட்டர் நீளம், முழுக்கக் கையால் வரைந்த சிவப்பு இதயங்கள். பிரிட்டனில் இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எழுதப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் இதயம் என்பது கணக்கு. சொந்தங்களை இழந்த குடும்பங்கள் 2021 மார்ச் 29 அன்று ஆரம்பித்து, பத்து நாளில் ஒன்றரை லட்சம் வரைந்திருக்கிறார்கள். இப்போது 2,40,000க்கு மேல். முதலில் வரைந்த மார்க்கர் மை வெயிலிலும் மழையிலும் ரோஸ் கலராக வெளுத்துவிட்டதால், தன்னார்வலர்கள் வாரா வாரம் வெள்ளிக்கிழமை வந்து சுவர் பெயின்ட்டால் திரும்ப எழுதுகிறார்கள். சுவரெழுத்துக்காரனான எனக்கு அந்த வேலைதான் முதலில் கண்ணில் பட்டது. வெளுக்கும் என்று தெரிந்தே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்.

நாங்கள் போனதும் ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு வயதான அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து இதயங்களுக்குச் சிவப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். மகள் அவரிடம் பேசிவிட்டு வந்தாள்.

"அப்பா, பெரியப்பா பேரை எழுதுறீங்களா? கேட்டுட்டேன், எழுதலாங்கிறாங்க."

"வேணாம்மா. இது இங்க செத்தவுகளுக்கு உள்ளது."

இதற்கு என்னைத் திட்டுகிறவர்கள் திட்டலாம். அங்கே ஓர் இதயம் ஓர் ஆள் கணக்கு. இன்னொருத்தர் அப்பாவுக்கு வைத்த இடத்தில் என் அண்ணனை உட்கார வைக்க மனசு வரவில்லை. நீங்கள் எழுத நினைத்தால் எழுதுங்கள், தப்பு என்று சொல்லவில்லை. நான் சுவரெழுத்துக்காரன் என்று மகள் சொல்லியிருப்பாள் போல, அந்த அம்மா ஒரு பிரஷ்ஷை என் கையில் கொடுத்து, வெளுத்துப்போன ஓர் இதயத்தைக் காட்டினார். உள்ளே 'டாட்' என்று மட்டும் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. பெயர் இல்லை, தேதி இல்லை. எங்கள் கடையில் இப்படி ஓர் ஆர்டர் வந்தால், பெயரும் இனிஷியலும் கேட்டு வாங்காமல் விட மாட்டேன். அங்கே ஒன்றும் கேட்கவில்லை. சிவப்பு ஏற்றி, காய்ந்த பிறகு அந்த மூன்று எழுத்தையும் எழுதி முடித்தேன். மகள் பக்கத்தில் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சுவரில் பெயர் எழுதி என்ன ஆகப் போகிறது, வெள்ளைக்காரன் பழக்கம் என்று சிலர் சொல்லக்கூடும். ஆண்டிப்பட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். மாடு கவர்ந்து போகிற சண்டையில் செத்த ஒருவனுக்கு 2000 வருஷத்துக்கு முன்னால் கல் நட்டு, அந்தவன் என்று பெயரும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். இப்போது சாவு வீட்டில் போஸ்டரே கேட்பதில்லை. ஃபிளெக்ஸ் ஒன்று, இல்லாவிட்டால் "ஃபைலை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க, ஸ்டேட்டஸ் வச்சுக்கிறோம்" என்கிறார்கள். டிசைனுக்குக் காசு கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும். பஸ்ஸில் போகிறவன் அதைப் பார்த்து, ஐயோ இவரா என்று நிற்பானா?

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பழைய ஃபைலைத் திறந்தேன். 2024 மே மாதம், மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி என்று மாற்றி, "கொரோனாவில் மறைந்த" என்று பெயருக்கு மேலேயே போட்டேன். அண்ணியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார். ஐம்பது அடித்து, அவர் பஸ் போன வழி நெடுக நானே ஒட்டினேன். கோரிப்பாளையத்தில் ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, "நம்ம கண்டக்டர் அண்ணனா? எங்களுக்குத் தெரியவே தெரியாதே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பத்து நாளில் அதன்மேல் வேறு போஸ்டர் ஏறிவிட்டது. வருகிற மே மாதம் திரும்ப ஒட்டுவேன்.

நீங்கள் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். யாராவது பிரஷ் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.