நாலு வழிச்சாலை: வாசகர் கேள்விகள்

விக்கிரவாண்டி – தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலை 36 ஏறத்தாழ 165 கிலோமீட்டர். மூன்று பகுதிகளாகப் பிரித்து நான்கு வழியாக்கும் வேலை இது. இதில் சேத்தியாத்தோப்பு – சோழபுரம் 50 கிலோமீட்டர், 2,350 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் முடிந்து 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. இந்தச் சாலையை ஒட்டியுள்ள ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பொறியாளர்களும் நிலமெடுப்பு விவரம் அறிந்தவர்களும் இங்கே பதில் தருகிறார்கள்.

கேள்வி: பாலம் ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் வண்டி தூக்கிப் போடுகிறது. புது ரோட்டிலேயே ஏன் இப்படி? (சேத்தியாத்தோப்பு வாசகர்)

பாலம் ஆழத்தில் இறக்கிய பைல் (கான்கிரீட் தூண்) மேல் நிற்கிறது, அது இறங்காது. அதை ஒட்டிய மண்மேடு வண்டல் களிமண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஏழெட்டு மீட்டர் உயர மண்ணின் பாரத்தை ஏற்றியதும் களிமண்ணிலுள்ள நீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும், மேடு இறங்கும். இது மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் நடக்கும். கொள்ளிடத்துக் கரை மண்ணில் இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் தார் போடுவதற்கு முன்பே இறங்கி முடியும்படி செய்யலாம்.

அதற்கு வழி: களிமண்ணில் செங்குத்தாக வடிகால் பட்டைகளை இறக்கி, தேவையைவிடக் கூடுதல் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி, காத்திருப்பது. அடியில் பதித்த தகடுகளின் மட்டத்தைத் தொடர்ந்து அளந்து, இறக்கம் ஏறக்குறைய நின்ற பிறகே கூடுதல் மண்ணை எடுத்துவிட்டு ஜல்லி போட வேண்டும். கெடு நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தக் காத்திருப்புதான்.

இன்னொரு காரணமும் உண்டு. பாலத்தின் கரைச்சுவரை ஒட்டிய மூலைக்குள் பெரிய ரோலர் போகாது. அங்கே நீர் வடியும் சரளையை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, கையால் இயக்கும் அதிர்வு இயந்திரத்தால் இறுக்க வேண்டும். கிடைத்த களிமண்ணைக் கொட்டி மூடிவிட்டால் முதல் மழைக்கே பள்ளம்தான். சுவரிலுள்ள நீர்க்கசிவுத் துளைகள் அடைபட்டிருந்தாலும் இதே கதி. இறங்கிய இடத்தில் தாரை மட்டும் மேலே மேலே ஏற்றுவது தற்காலிக வைத்தியம். அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடியும் குதிப்பீர்கள்.

கேள்வி: சாலை மேடான பிறகு எங்கள் வயலில் நீர் வடிய நான்கைந்து நாள் ஆகிறது. குழாய்ப் பாலம் இருக்கிறது, ஆனால் தண்ணீர் போகவில்லை. (கும்பகோணம் வட்டாரம்)

டெல்டாவில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே எந்தச் சாலையை உயர்த்தினாலும் அது ஒரு கரைதான். பாலத்தின் அகலத்தைக் காட்டிலும் அதன் அடிமட்டத்தைப் பாருங்கள். வடிகாலின் தரையைவிடக் குழாயின் தளம் ஒரு அடி உயர்ந்திருந்தால், அந்த ஒரு அடித் தண்ணீர் உங்கள் வயலிலேயே நிற்கும். குழாய் எத்தனை பெரிதாக இருந்தாலும் பயனில்லை. சில சமயம் தளம் சரியாகத்தான் இருக்கும், மறுபுறம் வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டிருப்பார்கள். மண் வண்டி போவதற்காகச் சிறு குழாய் போட்டு அடைத்த தற்காலிகப் பாதையை அகற்ற மறந்திருப்பதும் உண்டு. உங்கள் ஊரில் இந்த மூன்றில் எது என்று வடிகால் வழியே இருபுறமும் நடந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

வேலை இன்னும் நடக்கும் ஊர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தளக் கான்கிரீட் போடும் முன்பே, நீர்வளத்துறை ஆட்களை வைத்துக்கொண்டு மட்டக்கருவியில் வாய்க்கால் தரையையும் பாலத் தளத்தையும் அளந்து எழுதி வாங்குங்கள். பெட்டி வடிவக் கான்கிரீட் பாலத்தைக் கட்டிய பிறகு அதைக் கீழே இறக்க முடியாது, இடித்துத்தான் கட்ட வேண்டும். இந்த வேலைகளுக்கு ஏற்ற காலம், மேட்டூர் அணையை வழக்கமாக மூடும் ஜனவரி 28-க்கும் திறக்கும் ஜூன் 12-க்கும் இடைப்பட்ட மாதங்கள். ஆடியில் வாய்க்காலைத் தோண்டிப் போட்டால் சண்டைதான் வரும்.

கேள்வி: அரை ஏக்கர் போகிறது. அதில் பலா மரங்களும் ஒரு கிணறும் உண்டு. இழப்பீடு எப்படிக் கணக்கிடுவார்கள்? (பண்ருட்டி)

தேசிய நெடுஞ்சாலைக்கு 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலமெடுப்பு நடக்கும். தொகையை மட்டும் 2013 நிலமெடுப்புச் சட்ட அளவுகோலில் கணக்கிட வேண்டும். இது 2015 ஜனவரி 1 முதல் பொருந்தும். வழிகாட்டி மதிப்பு ஒன்று. அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று வருடங்களில் பதிவான கிரயங்களில் விலை உயர்ந்த பாதியின் சராசரி இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதுவே அடிப்படை. கிராமப்புறம் என்றால் அதை 1 முதல் 2 வரையிலான ஓர் எண்ணால் பெருக்குவார்கள். மரம், கிணறு, கட்டடம் இவற்றின் மதிப்பைத் தனியே சேர்ப்பார்கள். வரும் மொத்தத்துக்குச் சமமாக, அதாவது 100 சதவீதம், ஆறுதல் தொகை உண்டு. இது போக, அறிவிப்பு நாளிலிருந்து தீர்ப்பாணை (இழப்பீட்டை முடிவுசெய்யும் உத்தரவு) அல்லது நிலத்தை எடுத்துக்கொள்ளும் நாள், எது முந்தியதோ அதுவரை, சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் சேரும்.

நிலத்தின் அடிப்படை மதிப்பு 10 லட்சம், பெருக்கும் எண் 1.25 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 12.5 லட்சம் ஆகும். மரமும் கிணறும் 2.5 லட்சம் என்றால் மொத்தம் 15 லட்சம். ஆறுதல் தொகை இன்னொரு 15 லட்சம். சந்தை மதிப்புக்கு மட்டும் வரும் அந்த 12 சதவீதத்தையும் இதோடு கூட்டுங்கள்.

தவறு பெரும்பாலும் பலா மரத்தில்தான் நடக்கிறது. காய்க்கும் மரத்தை விறகுக்கான மரமாக எழுதிவிடுவார்கள். கூட்டு அளவையின்போது (அதிகாரிகள் வந்து நிலத்தை அளக்கும்போது) அங்கேயே இருங்கள். ஒவ்வொரு மரத்தின் சுற்றளவு, வயது, காய்ப்பு குறித்துத் தோட்டக்கலைத் துறை மதிப்பீட்டைக் கேளுங்கள். புகைப்படமும் எடுத்து வையுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் இப்போதே வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் முடியுங்கள், இல்லாவிட்டால் பணம் வைப்பில் கிடக்கும். நிலத்தை எடுக்கப்போவதாகச் சொல்லும் 3-ஏ அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபணை தர வேண்டும். தொகை குறைவு என்று தோன்றினால் பணத்தை ஆட்சேபணையோடு பெற்றுக்கொண்டு, தொகைத் தகராறைத் தீர்க்கும் நடுவரிடம் போகலாம். நடுவர் தொகையை உயர்த்தினால், உயர்ந்த பகுதிக்கு, நிலம் எடுத்த நாள் முதல் 9 சதவீத வட்டியும் கிடைக்கலாம்.

கேள்வி: தார் தரமாகப் போடுகிறார்களா என்று எங்களால் பார்க்க முடியுமா? (வடலூர்)

ஓரளவு முடியும். கலவை லாரி தார்ப்பாய் மூடி வருகிறதா என்று பாருங்கள். கனரகப் போக்குவரத்துச் சாலைக்கான வி.ஜி. 40 தாரில் செய்த கலவையைக் கொட்டி விரிக்கும்போது வெப்பம் 150 டிகிரிக்குக் குறையக்கூடாது. 100 டிகிரிக்குக் கீழே போகும் முன் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். தளத்திலேயே வெப்பமானி வைத்திருப்பார்கள், கேட்டால் காட்டத் தயங்க வேண்டியதில்லை. அடுக்குகளுக்கு இடையே தெளிக்கும் தார்க்கரைசல் பழுப்பு நிறமாக இருக்கும்போதே கலவையைக் கொட்டினால் ஒட்டாது; அது கறுத்த பிறகே கொட்ட வேண்டும். ஈரத் தளத்தில் போடவே கூடாது.

பலர் கவனிக்காத இடம் ஓரம்தான். தாருக்கும் வெட்மிக்ஸுக்கும் (ஈரக்கலவை ஜல்லிக்கும்) கீழே இருக்கும் ஜல்லி அடுக்கு, நீரை வெளியேற்றுவதற்கும் சேர்த்தே போடப்படுகிறது. அது மேட்டின் சரிவுவரை நீண்டு வெளியே தெரிய வேண்டும். பெர்மில் (தாரை ஒட்டிய மண் ஓரத்தில்) களிமண்ணைக் கொட்டி அதன் வாயை அடைத்துவிட்டால், உள்ளே நின்ற நீர் லாரிச் சக்கரம் ஏறும்போதெல்லாம் சேற்றை மேலே பீய்ச்சும். பள்ளம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

கேள்வி: சுரங்கப்பாதை கேட்டோம், 4 மீட்டர் உயரத்தில் தருவதாகச் சொல்கிறார்கள். போதுமா? (மீன்சுருட்டி)

கார், ஆட்டோ, வேனுக்குப் போதும். வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் போதாது. அறுவடை இயந்திரத்தையும் லாரியில் ஏற்றித்தான் ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள், அதுவும் சிக்கும். பேருந்தும் பாரவண்டியும் போகும் பாதைக்கு 5.5 மீட்டர் கேளுங்கள். உயரம் கிடைக்கட்டும் என்று தரையைத் தோண்டித் தாழ்த்த ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐப்பசியில் அது குளமாகிவிடும், பம்பு ஓட்ட யாரும் வரமாட்டார்கள்.

கேள்வி: சொந்தக் கார் வைத்திருக்கிறோம். தினமும் சுங்கம் கட்ட வேண்டுமா? (பாபநாசம்)

சுங்கச்சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருந்தால், வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டிக்கு மாதாந்திரச் சலுகை அட்டை உண்டு. 2025-26-இல் அதன் விலை 350 ரூபாய். முகவரிச் சான்றும் வண்டியின் ஆர்.சி. புத்தகமும் எடுத்துக்கொண்டு சாவடி அலுவலகத்துக்கே போங்கள். சர்வீஸ் சாலை இருந்து, அதில் மட்டும் போய்த் திரும்பினால் அட்டையே தேவைப்படாது.